நாக்கு வெறுத்ததை மூளை விரும்பியது

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவில், திருவரங்கத்துக்குக் கிழக்கே இருக்கிறது திருவானைக்காவல். அங்கே தாய்வழித் தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சி.வி. ராமன். 1930 டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனபோது, தன் கண்டுபிடிப்பை ஆல்கஹாலில் ஒளி பாய்ச்சிச் செய்து காட்டினாராம். அன்றைய விருந்தில் மதுக்கோப்பையை நீட்டியிருக்கிறார்கள். ஆல்கஹால் மீது ராமன் விளைவைப் பார்த்துவிட்டீர்கள், ராமன் மீது ஆல்கஹால் விளைவையும் பார்க்க ஆசைப்படாதீர்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார் என்பது கதை. ராமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. விருந்தினர் சிரித்தார்கள், பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு அந்தக் கிண்டலின் இரண்டாவது பாதி மேல்தான் கண். முதல் பாதி இயற்பியல். எத்தனால் மூலக்கூறின் மீது ஒளி விழுந்தால் சிதறி வரும் நிறமாலையில் கோடுகள் எங்கெங்கே விழும் என்பது தீர்மானமான விஷயம். கல்கத்தாவில் பார்த்தாலும் ஸ்டாக்ஹோமில் பார்த்தாலும் அதே இடம்தான். இரண்டாவது பாதி அப்படி இல்லை. அதே எத்தனால், அதே அளவு, இரண்டு மூளைகளுக்குள் போனால் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ராமன் மீது ஆல்கஹாலின் விளைவு என்னவாக இருந்திருக்கும் என்ற கேள்விக்கு அவரைக் குடிக்க வைக்காமல் விடை சொல்லவே முடியாது.

திருச்சியில் எந்த டாஸ்மாக் பாரில் எட்டிப் பார்த்தாலும் இது தெரியும். ஒருவர் கட்டிங்கிலேயே கண் சொருகி மேசையில் சாய்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் குவார்ட்டரை முடித்துவிட்டு, அடுத்ததற்கு ஆள் அனுப்பிவிட்டு, வட்டிக் கணக்கைப் பிசகாமல் பேசிக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கு ஒரு மரியாதையே உண்டு. “எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா இருப்பான்” என்பது நம் ஊரில் பாராட்டு. ஏன் அப்படி என்று கேட்டால், பழக்கம் என்பார்கள், உடம்பு வாகு என்பார்கள். வீட்டுப் பெண்களைக் கேட்டால், அவன் அப்பனும் அப்படித்தான் என்பார்கள். மூன்று விடையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு தனி மனிதனை வைத்துக்கொண்டு முடியாது. அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது மரபணு மட்டுமா? அதே வீடு, அதே சண்டை, அதே தெருமுனைக் கடை எல்லாமே சேர்ந்துதானே வருகிறது.

மரபை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், மரபு துளியும் மாறாத உயிர் நூற்றுக்கணக்கில் வேண்டும். யானையும் சிலந்தியும் சிவனை வழிபட்ட தலத்திலிருந்து கிளம்பியதால் யானையைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். புளித்த பழம் தின்று யானைக்குப் போதை ஏறுமா என்று நெடுநாளாக ஒரு வாதம் உண்டு. நம் வயிற்றிலும் உணவுப்பாதையிலும் ஆல்கஹாலை உடைக்கும் ஒரு நொதிக்கான மரபணு, யானையிடம் செயலிழந்து கிடக்கிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அதன் உடம்புக்குக் கொஞ்சம் சரக்கே அதிகமாக இருக்கலாம். நம் முன்னோருக்கோ அந்த நொதியில் சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு மாற்றம், எத்தனாலை உடைக்கும் திறனை ஏறத்தாழ 40 மடங்கு கூட்டிவிட்டது. ஆனாலும் யானையை நூற்றுக்கணக்கில் கூண்டில் வளர்க்க முடியாது. சுண்டெலியை வளர்க்கலாம்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில் ஆபி லாத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை, அழகுக்காக வாங்கிப் போகிறவர்களுக்காகச் சுண்டெலி வளர்த்து விற்றுவந்தார். கொஞ்ச காலத்தில் அழகுக்கு வாங்கியவர்களை விட ஆய்வகங்கள் அதிகம் வாங்க ஆரம்பித்தன. 1921இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற மரபியலாளர், லாத்ராப் பண்ணையின் 57ஆம் எண் பெண் எலியிலிருந்து ஒரு வம்சத்தைத் தொடங்கினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் இணை சேர்ப்பது, அந்தக் குட்டிகளுக்குள் மறுபடி அதே போல். இப்படி 20 தலைமுறை போனால் அந்த வம்சத்தில் எந்த இரண்டு எலியை எடுத்தாலும் ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையர் மாதிரிதான். அந்தக் கறுப்பு எலிக்குச் சி57 பிளாக் 6 என்று பெயர். உலகில் மிக அதிகமாக ஆய்வுக்குப் பயன்படும் எலி இதுதான். 2002இல் சுண்டெலியின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானபோது படிக்கப்பட்டதும் இதன் மரபணுதான். லிட்டில் இதற்கும் முன்பே, 1909இல், வெளிறிய பழுப்பு நிறத்தில் இன்னொரு வம்சத்தைத் தொடங்கியிருந்தார். அது டிபிஏ.

கறுப்பு எலி, பழுப்பு எலி. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதுதான்.

1959இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜெரால்ட் மெக்லர்ன், ரோட்ஜர்ஸ் என்ற இருவர் செய்த சோதனை மிக எளிமையானது. கூண்டில் இரண்டு சீசா. ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் 10 சதவீத ஆல்கஹால். எலிக்கு இஷ்டப்பட்டதைக் குடிக்கலாம். ஒவ்வொரு நாளும் எந்தச் சீசாவில் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். கறுப்பு எலிகள் ஆல்கஹால் சீசாவையே நாடின. பழுப்பு எலிகள் ஒருமுறை முகர்ந்து, நக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை. வம்சத்துக்குள் எந்த எலியை எடுத்தாலும் ஏறக்குறைய அதே விடை.

கறுப்பு எலி குடிக்கும் அளவு கொஞ்ச நஞ்சமல்ல. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லி உள்ள ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ மனிதர் கறுப்பு எலி அளவுக்குக் குடித்தால் ஒரு நாளைக்கு 10 குவார்ட்டர் ஆகும். எலியின் ஈரல் நம்முடையதை விடப் பன்மடங்கு வேகமாக ஆல்கஹாலை எரித்துத் தள்ளுவதாலும், அது ராத்திரி முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிப்பதாலும் கவிழ்ந்து விழுவதில்லை. அதனால்தான் பின்னாட்களில் ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். விளக்கு அணைந்து எலி சுறுசுறுப்பாகும் இருட்டு வேளையில், தண்ணீரை எடுத்துவிட்டு 20 சதவீத ஆல்கஹாலை மட்டும் சில மணி நேரம் வைத்தால், கறுப்பு எலி உண்மையிலேயே போதை ஏறும் அளவுக்கு ஏற்றிக்கொள்கிறது.

இப்படி ஒரு விடை கிடைத்தவுடன் சந்தேகப்படுவதுதான் ஒழுங்கு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எலி வேறு மாதிரி நடந்துகொண்டால்? 1999இல் ஜான் கிராப் உள்ளிட்ட மூவர் இதைச் சோதித்தார்கள். கனடாவின் எட்மன்டன், அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லாண்ட் என்று மூன்று ஊர்கள். அதே எட்டு வகை எலிகள், அதே வயது, அதே தீவனம், அதே கருவிகள், சோதனை தொடங்கும் நேரம் கூட ஒன்று. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் பல சோதனைகளில் மூன்று ஊரிலும் விடை வேறுபட்டது. எட்மன்டனில் சோதனை செய்தவருக்கு எலி ஒவ்வாமை. அவர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய முடிந்தது. அப்படி ஒரு உருவம் குனிந்து எடுத்தால் எலிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யார் கண்டது? ஆனால் ஆல்கஹால் சீசாச் சோதனை மட்டும் அசையவில்லை. மூன்று ஊரிலும் கறுப்பு குடித்தது, பழுப்பு தொடவில்லை. பல பத்தாண்டுகளின் பழைய தரவுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்விலும் அதே கதைதான். நடத்தை மரபியலில் இத்தனை உறுதியான விடைகள் கொஞ்சம்தான் இருக்கின்றன.

இதோடு நிறுத்தியிருந்தால், கறுப்பு எலியிடம் குடிகார மரபணு இருக்கிறது, பழுப்பு எலியிடம் இல்லை என்று ஒரு செய்தித்தாள் தலைப்புப் போட்டு முடித்திருக்கலாம். போர்ட்லாண்டில் கிறிஸ்டோபர் கன்னிங்ஹாம் செய்த சோதனை அந்தத் தலைப்பைக் கெடுத்துவிட்டது.

அவர் எலியின் வாயை விட்டுவிட்டார். ஊசி மூலம் ஆல்கஹால் ஏற்றினார். ஒரு பெட்டி, அதன் தரையில் இரண்டு வகை. ஒன்று கம்பிகளை அடுக்கிய தரை, இன்னொன்று ஓட்டை போட்ட தகடு. ஊசி போட்ட நாளெல்லாம் எலியை ஒரு வகைத் தரையில் விடுவது, வெறும் உப்புநீர் ஊசி போட்ட நாளில் மற்றதில் விடுவது. கடைசியில் ஊசியே போடாமல், பாதித் தரை இப்படியும் பாதித் தரை அப்படியுமாக வைத்து எலியை விட்டால், எந்தப் பக்கம் போய் நிற்கிறது? ஆல்கஹால் சீசாவைத் தொடவே தொடாத பழுப்பு எலி, ஆல்கஹால் அனுபவித்த தரையை விட்டு நகர மறுத்தது. கறுப்பு எலிக்கு அந்தத் தரை மீது அவ்வளவு பிடிப்பில்லை. ஊசி போட்டவுடன் பரபரவென்று ஓடியதும் பழுப்பு எலிதான். கறுப்பு எலியிடம் அந்தத் துள்ளல் மிகக் குறைவு.

ஆக, பழுப்பு எலியின் மூளைக்கு ஆல்கஹால் பிடிக்கிறது. பிடிக்காதது நாக்குக்கு. இனிப்பை உணரும் ஏற்பியைச் செய்யும் ஒரு மரபணு, நான்காம் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பு எலியிடம் அதன் கூர்மையான வடிவம், பழுப்பு எலியிடம் மந்தமான வடிவம். ஆல்கஹாலில் லேசான இனிப்பும் கசப்பும் எரிச்சலும் கலந்திருக்கின்றன. இனிப்பு தெரிகிற நாக்குக்கு அது குடிக்கத் தக்க ஒன்று, தெரியாத நாக்குக்கு வெறும் கசப்புத் தண்ணீர். பின்னர் நாக்கையே தாண்டி, குழாய் வழியாக நேராக இரைப்பைக்குள் ஆல்கஹால் போகுமாறு செய்து, எலி நக்கினால் ஏறும் என்று வைத்துப் பார்த்தபோது, பழுப்பு எலிகளும் கணிசமாக ஏற்றிக்கொண்டன. குடிக்கும் அளவை வைத்து மூளையின் ஆசையை அளக்க முடியாது என்று 1959ஆம் ஆண்டு சோதனையைப் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

நாக்கை விட்டு மூளைக்கு வருவோம். மூளையில் ஆல்கஹால் ஒரு பூட்டை மட்டும் திறப்பதில்லை. நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை வலுப்படுத்துகிறது. நரம்புகளை முடுக்கிவிடும் குளுட்டமேட்டின் ஏற்பிகளை மட்டுப்படுத்துகிறது. மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருட்களை வெளிவிடச் செய்து, அவற்றின் வழியாக டோபமைனைக் கிளப்புகிறது. முதல் இரண்டால் தடுமாற்றமும் தூக்கமும் வருகின்றன, மூன்றாவதால் மறுபடி வேண்டும் என்ற நினைப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெவ்வேறு மரபணுக்கள்.

தூக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தவரும் மெக்லர்ன்தான். கொலராடோவின் போல்டருக்குப் போன பிறகு, பல வம்சங்களைக் கலந்த எலிக் கூட்டத்துக்கு ஆல்கஹால் ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, தானாகப் புரண்டு எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார். சீக்கிரம் எழுந்ததைச் சீக்கிரம் எழுந்ததோடு இணைத்தார், நெடுநேரம் கிடந்ததை நெடுநேரம் கிடந்ததோடு. தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு கூட்டமும் விலகிக்கொண்டே போயின. அதே ஊசிக்கு ஒரு கூட்டம் சில நிமிடங்களில் எழுந்து நடக்கும், மற்றது மணிக்கணக்கில் கிடக்கும்.

ஈரல் வேகமாக எரிக்கும் எலி சீக்கிரம் எழுந்துவிடுகிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். கேட்டார்கள். எழுந்திருக்கும் நொடியில் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் மிச்சம் என்று அளந்து பார்த்தார்கள். சீக்கிரம் எழுந்த எலியின் ரத்தத்தில் நிறையவே இருந்தது, அதை வைத்துக்கொண்டே எழுந்து நடந்திருக்கிறது. நெடுநேரம் கிடந்ததோ ஆல்கஹால் வெகுவாகக் குறைந்த பிறகுதான் எழுந்தது. வித்தியாசம் ஈரலில் இல்லை, மூளையில். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையில் புர்கின்ஜி என்ற பெரிய நரம்புச் செல்கள் உண்டு. அவற்றின் மீது நேரடியாக ஆல்கஹாலை விட்டால், தூங்குமூஞ்சி எலியின் செல்கள் கொஞ்சத்துக்கே அடங்கின, மற்றதன் செல்கள் அசரவில்லை. 1982இல் இன்னும் ஒரு படி போனார்கள். சிறுமூளைத் திசுவைக் கொஞ்சம் எடுத்து, வேறொரு எலியின் கண்ணுக்குள் நட்டு வளர்த்தார்கள். பிறந்த தலையை விட்டு வந்து, அந்நியக் கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டும், அந்தத் திசு தன் வம்சத்தின் குணத்தையே காட்டியது. எனக்குத் தெரிந்து, போதையின் மரபை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை கிடையாது.

குடியை நிறுத்தினால் வருவது மூன்றாவது சங்கதி. பல நாள் ஆல்கஹால் அமுக்கி வைத்த மூளை, அதைச் சரிக்கட்ட உள்ளுக்குள் முடுக்கத்தைக் கூட்டி வைத்திருக்கும். சரக்கு நின்றவுடன் அமுக்கம் போய்விடுகிறது, முடுக்கம் நிற்கிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என்று குடிமறப்பு மையங்களில் முதல் சில நாட்கள் பார்ப்பதெல்லாம் இதுதான். கை நடுங்குகிறது என்று காலையில் ஒரு கட்டிங் போடுகிறவரின் கை அதனால்தான் நிற்கிறது. எலியில் இதை அளக்க ஸ்டான்ஃபோர்டில் டோரா கோல்ட்ஸ்டீன் 1970களில் பயன்படுத்திய வழி, வாலைப் பிடித்துத் தூக்கி மெல்லச் சுழற்றுவது. அடங்காத மூளையுள்ள எலிக்கு உடனே முகம் கோணி உடம்பு வெட்டும். இந்தச் சோதனையில் பழுப்பு எலிகள்தான் படாதபாடு படுகின்றன. ஒரே ஒரு பெரிய ஊசி போட்டு இறங்கும் வேளையிலேயே அவற்றுக்கு இழுப்பு வந்துவிடும். நாள் தவறாமல் குடிக்கும் கறுப்பு எலிக்கோ மிகக் குறைவு.

எந்த மரபணு? கறுப்பையும் பழுப்பையும் கலந்து, பேரப்பிள்ளைகளைத் தனித்தனி வம்சங்களாகப் பிரித்து வளர்த்தால், ஒவ்வொரு வம்சத்திலும் குரோமோசோமின் ஒரு துண்டு பாட்டனுடையதும் அடுத்த துண்டு பாட்டியுடையதுமாகச் சிதறிக் கிடக்கும். எந்தத் துண்டு இருக்கும் வம்சங்களுக்கெல்லாம் இழுப்பு வருகிறது என்று பார்த்துக்கொண்டே போய், தேடும் இடத்தைச் சுருக்கலாம். கேட்கச் சுலபம், செய்யப் பல ஆண்டுகள். போர்ட்லாண்டில் கேரி பக்கின் குழு இப்படி நான்காம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டுக்கு வந்து, 2004இல் எம்பிடிஇசட் என்ற மரபணுவைக் காட்டியது. நரம்புச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகளைச் சரியான இடத்தில் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைச் செய்யும் மரபணு அது. ஏற்பியே இல்லை, ஏற்பியைத் தாங்கும் சாரம். அதில் ஒரு வித்தியாசம், வலிப்பு வருமா வராதா என்பதை நகர்த்துகிறது.

குடிக்கும் அளவு, மயங்கிக் கிடக்கும் நேரம், கிளம்பும் துள்ளல், விட்டால் வரும் நடுக்கம் எல்லாமே வேறு வேறு மரபணுக்களின் வேலை. ஒன்றில் முன்னால் நிற்கும் எலி இன்னொன்றில் பின்னால் நிற்கும். ஒரே ஒரு குடிகார மரபணு என்பது எலியிலேயே கிடையாது. ஆனால் ஒரே ஒரு எழுத்து மாறினால் பெரிய வித்தியாசம் வருவது உண்டு. 2013இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு: காபா ஏற்பியின் ஓர் உறுப்பைச் செய்யும் மரபணுவில் ஓர் எழுத்து மாறிய எலிகள், தண்ணீர் இருந்தும், தாங்கள் குடித்ததில் 85 சதவீதம் வரை ஆல்கஹால் சீசாவிலிருந்தே எடுத்துக்கொண்டன. அந்த எலிகளில் ஏற்பி, காபா வராமலே தானாகத் திறந்துகொள்கிறது.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமான கதை. காபா ஏற்பியின் வேறோர் உறுப்பைச் செய்யும் மரபணுவுக்குக் காப்ரா2 என்று பெயர். மனிதரில் இதன் சில வடிவங்கள் குடிநோயோடு சேர்ந்து வருகின்றன என்று அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து 2004இல் சொன்னார்கள். அதே மரபணுவில் நம் கறுப்பு எலிக்கு ஓர் எழுத்து உதிர்ந்திருக்கிறது என்று 2019இல் தெரிய வந்தது. உதிர்ந்தது 1976க்கும் 1991க்கும் இடையில், இந்த எலிகளை வளர்த்துக் கொடுக்கும் ஜாக்சன் ஆய்வகத்தின் எலிகளில். அதனால் மூளையில் அந்தப் புரதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது, உலகமே சாதாரண எலி என்று நினைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்த எலி, மது ஆய்வுக்கு மிகவும் வேண்டிய ஒரு மரபணுவிலேயே சாதாரணமாக இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் வந்த முடிவுகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா என்பது இன்று நியாயமான கேள்வி.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும் இடத்தில்தான் நான் எப்போதும் தயங்குவேன். எலி சம்பள நாளில் குடிப்பதில்லை. அவமானத்தில் குடிப்பதில்லை. கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் என்று கதவருகே காத்திருப்பதில்லை. இரட்டையர் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தால் குடிநோய் வருவதில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி. மற்ற பாதி இந்தச் சம்பள நாளும் அவமானமும் கடையும்தான்.

கிழக்காசியர்களில் பலருக்கு ஒரு காவல் உண்டு. ஆல்கஹால் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை அடுத்து உடைக்கும் நொதி அவர்களிடம் வேலை செய்வதில்லை. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். குடியிலிருந்து அவர்களை விலக்கி வைப்பது அந்த அவஸ்தை. இந்தியாவின் பெரும்பகுதியில் அந்த வடிவம் அரிது. நம்மிடம் ஈரல் கதவை அடைப்பதில்லை, எல்லாம் மூளையின் கையில் விடப்படுகிறது. மூளையைப் பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். எதிர்பாராத ஒன்று கண்ணிலோ காதிலோ பட்டால் தலையில் ஒட்டிய மின்முனைகளில் சுமார் 300 மில்லிநொடிக்குப் பிறகு ஓர் அலை எழும். குடிநோயாளிகளின் மகன்களிடம், குடித்தே பார்க்காத சிறுவர்களிடமும், அந்த அலை சிறியதாக இருக்கிறது என்று 1984இல் நியூயார்க்கில் ஹென்ரி பெக்லைட்டர் காட்டினார். 1995இல் பெங்களூரு நிம்ஹான்ஸில் விவேக் பெனகலும் சகாக்களும் இங்குள்ள குடும்பங்களில் பார்த்தார்கள். குடும்பத்தில் ஆபத்து கூடக் கூட அலை சிறுத்துக்கொண்டே போனது.

தூங்குமூஞ்சி எலிக்கும் தூங்காத எலிக்கும் ஈடாக மனிதரைத் தேடியவர் சான் டியாகோவின் மார்க் ஷூகிட். குடிநோயாளிகளின் மகன்களையும் மற்றவர்களின் மகன்களையும் 20 வயதுவாக்கில் ஆய்வகத்துக்கு அழைத்து, எல்லாருக்கும் ஒரே அளவு ஆல்கஹால் கொடுத்தார். நின்றபடி உடம்பு எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு போதையாக உணர்கிறார்கள் என்று அளந்தார். பத்து ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பிடித்தார். 1994இல் வெளியான முடிவு: குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை சரியாக ஏறாதவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். நன்றாக ஏறியவர்களில் 14 சதவீதம். பாரில் நாம் மரியாதை வைத்த அந்த ஸ்டெடியான ஆள்தான் இந்தக் கணக்கில் அதிக ஆபத்தில் இருப்பவர். போதும் என்று உடம்பு சொல்லும் குரல் அவருக்குத் தாமதமாகக் கேட்கிறது, அதற்குள் இரண்டு குவார்ட்டர் போய்விடுகிறது.

எலியும் மனிதனும் ஒரே மேசையில் வந்த ஆய்வும் ஒன்று உண்டு. மூளையின் அபின் ஏற்பியைச் செய்யும் மரபணுவில் 118ஆம் இடத்தில் சிலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். 2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த விஜய் ராம்சந்தானியும் சகாக்களும் இரண்டு வகை ஆண்களுக்கும் நரம்பு வழியே ஆல்கஹால் ஏற்றி, மூளையைப் படம் பிடித்தார்கள். எழுத்து மாறியவர்களிடம்தான் டோபமைன் கிளம்பியது. பிறகு மனித மரபணுவையே எலிக்குள் நட்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரு வடிவம், மறு கூட்டத்துக்கு மறு வடிவம் என்று வைத்தார்கள். மாறிய எழுத்துள்ள எலிகளில் டோபமைன் உச்சம் நான்கு மடங்கு. எலியும் மனிதனும் இவ்வளவு நெருங்கி ஒரே விடை சொல்வது அபூர்வம்.

அதே அபின் ஏற்பியை அடைக்கும் மாத்திரை நால்ட்ரெக்சோன். குடிநோய்க்கு அமெரிக்காவில் 1994இல் அனுமதிக்கப்பட்டது, நம் ஊர் மருத்துவர்களும் எழுதிக் கொடுப்பதுதான். அப்படியானால் எழுத்து மாறியவர்களுக்கு இந்த மாத்திரை கூடுதலாக வேலை செய்ய வேண்டுமல்லவா? ரத்தத்தில் மரபணு பார்த்து மாத்திரை எழுதும் காலம் வந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். நோயாளிகளை முன்கூட்டியே மரபணு வாரியாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. எழுத்து மாறியவருக்கும் மாறாதவருக்கும் மாத்திரையில் வித்தியாசம் தெரியவில்லை. எலியில் நான்கு மடங்கு, மனித மூளைப் படத்திலும் வித்தியாசம், சிகிச்சைக்கு வந்தபோது ஒன்றுமில்லை.

ஆகவே குடிநோய்க்கு இன்றைக்கும் மரபணுப் பரிசோதனைச் சீட்டு யாரும் எழுதுவதில்லை. ஷூகிட் 1990களில் செய்த ஒரு கேள்வித்தாள் அதைவிட உபயோகம். கேள்வி நான்குதான். குடிக்கத் தொடங்கிய காலத்தில், முதல் ஐந்து தடவையில், எத்தனை ரவுண்டு போனபிறகு ஏதோ மாறியதாகத் தெரிந்தது? எத்தனையில் நாக்குக் குழறியது? எத்தனையில் நடை தள்ளாடியது? எத்தனையில் தன்னையறியாமல் தூங்கிப்போனீர்கள்? நான்குக்கும் பெரிய எண் சொல்கிறவரைத்தான், அவர் எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும், ஆபத்துப் பக்கம் சேர்க்கிறது அந்தக் கணக்கு.